ஐந்தாவது சொட்டு

கூடுவாஞ்சேரி
8 செப்டம்பர் 2025, திங்கள்

அனிருத்,

வாட்ஸப்பில் ரெண்டு வரி போட்டால் போதாதா, எதற்கு மெயில் என்று நினைப்பீர்கள். வாட்ஸப்பில் குறி நீலமாகும். அப்புறம் பதில் வரும்வரை நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன் பண்ணினால் மூன்றாவது நிமிஷம் சண்டை. நாலாவது நிமிஷம் அம்மா கதவோரம் வந்து துணி மடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். மெயிலில் நீங்கள் படித்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் இப்போதைக்கு எனக்கு நல்லது.

நம் வீட்டுப் பவளத் தொட்டியைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன்.

மார்ச்சில் வளைகாப்பு முடிந்து நான் இங்கே வரும்போது, காலையில் பத்து மில்லி, சாயங்காலம் பத்து மில்லி என்று சொல்லிவிட்டு வந்தேன். அது மார்ச் கணக்கு. ஆறு மாதத்தில் பவளங்கள் வளர்ந்திருக்கும். எலும்பு வளர வளரக் கால்சியமும் அதிகம் கேட்கும், அல்கலினிட்டியும், அதாவது கரைந்த கார்பனேட்டும், அதிகம் கேட்கும். இனி சோதிக்காமல் ஊற்றக் கூடாது. கிட் தொட்டியின் கீழ் அலமாரியில், நீல டப்பாவில் இருக்கிறது. கால்சியத்துக்கு ரோஸ் போய் நீலம் வரும்வரை சொட்டு விடவேண்டும். ஒரு சொட்டு இருபது. அல்கலினிட்டிக்கு வெளிர் பச்சை போய் வெளிர் ரோஸ் வரவேண்டும். ஒரு சொட்டு ஒரு டிகிரி. கால்சியம் 420, அல்கலினிட்டி 8. இந்த இரண்டு எண்ணையும் நான் மூன்று வருஷம் பிடித்து வைத்திருந்தேன்.

சிவப்பு மூடி பாட்டில் கால்சியம். பச்சை மூடி சோடா, அல்கலினிட்டிக்கு. மறந்தும் இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள்.

டார்ச் பவளத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணையில் வளர்ந்த இரண்டு விரல் துண்டாக, ரசீதும் பதிவுத் தாளுமாக வாங்கி வந்தது. கல்யாணமான முதல் மாதம். அந்தப் பையை நீங்கள்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினீர்கள், தண்ணீர் ஆறிவிடக் கூடாது என்று.

பட்டுவுக்கு ஐந்தாம் மாதம் முடிவதற்குள் குழந்தையையும் என்னையும் பெருங்களத்தூரில் கொண்டுவிட வேண்டும் என்கிறார் அப்பா. அக்டோபர் கடைசி வரை நாள் இருக்கிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சுப்ரஜா


பெருங்களத்தூர்
14 செப்டம்பர், ஞாயிறு

சுப்பு,

நீங்கள், தீர்கள் என்றெல்லாம் எழுதினால் வருமானவரி நோட்டீஸ் பிரித்ததுபோல் இருக்கிறது. உன் இஷ்டம்.

காலை பத்து மணிக்குச் சோதித்தேன். கால்சியம் 24 சொட்டு. அதாவது 480. அல்கலினிட்டி 11 சொட்டு. அதாவது 11. சந்தேகமாக இருந்ததால் இரண்டாவது தடவையும் செய்தேன். அதேதான்.

டார்ச் நன்றாக ஆடுகிறது. பம்ப் வேகம் மாறும்போது எல்லா விரலும் ஒரே பக்கம் சாய்ந்து, அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்திருக்கும், தெரியுமில்லையா? திருமுடிவாக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால்தான் உட்காருகிறேன். வீட்டில் அசைகிற பொருள் வேறு எதுவும் இல்லை.

தொட்டியைப் பற்றி மட்டும் என்றாய். தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். பட்டு எப்படி இருக்கிறாள்?

அனிருத்


கூடுவாஞ்சேரி
15 செப்டம்பர்

அனிருத்,

480, 11 இரண்டும் அதிகம். இப்படி ஏறிக்கொண்டே போனால் கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைப் பொடியாக அடியில் உட்கார்ந்துவிடும். அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் பவளம் பட்டினி கிடக்கும். அதனால்தான் ஒன்றைக் காலையில் வலது மூலையிலும் இன்னொன்றைச் சாயங்காலம் இடது மூலையிலும் ஊற்றச் சொல்லுவேன். ஒன்று கலந்து கரைந்த பிறகுதான் மற்றது.

இப்போது இரண்டையும் நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரம் எதுவும் ஊற்ற வேண்டாம். எண்கள் தானாக இறங்கும். பிறகு சோதித்து எழுதுங்கள்.

பட்டு குப்புறக் கவிழ்கிறாள். வியாழக்கிழமை முதல் தடவை. கவிழ்ந்தபின் கை ஒன்று அடியில் மாட்டிக்கொள்கிறது. அதை எடுக்கத் தெரியாமல் நம்மையே குற்றம் சொல்வதுபோல் பார்க்கிறாள். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன். அம்மா சிரிக்கிறாள். "உன்னையும் அப்படித்தான் பார்த்தேன், ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவை"ன்னாள். நான் எத்தனை தடவை என்று அவளிடம் சொல்லவில்லை.

போதும். தொட்டியைப் பற்றி மட்டும்.

சுப்ரஜா


பெருங்களத்தூர்
28 செப்டம்பர், ஞாயிறு

சுப்பு,

பதினான்கு நாள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. இன்றைய கணக்கு: கால்சியம் 460, அல்கலினிட்டி 10.

ஆனால் டார்ச் சரியில்லை. விரல்கள் பாதிக்குப் பாதி உள்ளே போய்விட்டன. நேற்று முழுக்க வெளியே வரவே இல்லை. கிளைப் பவளத்தின் நுனிகள் வெளுத்திருக்கின்றன. பெரிய நத்தையின் ஓட்டில் விளிம்பு மாவு மாதிரி உதிர்கிறது. படம் வைத்திருக்கிறேன்.

அம்மா சேலையூரிலிருந்து வந்திருந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்து, "என்னடா இது, உன்னை மாதிரியே சுருங்கிப் போய் உட்கார்ந்திருக்கு"ன்னாள். அப்புறம் சமையலறைக்குப் போய் நான் வாங்கி வந்த தக்காளியைப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் போடறதுக்கா வாங்கினே? ஒண்ணுகூடப் பழுக்கலையே"ன்னு அரைமணி நேரம். உன் தீபாவளிப் புடவையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கொண்டுவந்து தரட்டுமா, அங்கேயே இருக்கட்டுமா?

டார்ச்சுக்கு என்ன செய்வது, சீக்கிரம் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

அனிருத்


கூடுவாஞ்சேரி
30 செப்டம்பர்

அனிருத்,

படத்தைப் பத்துத் தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அல்கலினிட்டி 10 இருக்கிற தண்ணீரில் நத்தை ஓடு உதிராது. டார்ச் சுருங்காது. அந்தத் தொட்டி ஒரு நாளைக்குக் கால் டிகிரி சாப்பிடும். பதினான்கு நாளில் மூன்றரை இறங்கியிருக்க வேண்டும். உங்கள் கணக்கில் ஒன்றுதான் இறங்கியிருக்கிறது.

நீங்கள் சோதிக்கவே இல்லை. சொட்டு விட்டுப் பார்க்கச் சோம்பல். மனசுக்கு நியாயமாகப் பட்ட ஒரு எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதை நம்பி நானும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் கையாலேயே அதைப் பட்டினி போட்டுவிட்டேன்.

இது உங்களுக்குப் புதிது இல்லை. இதுவரை நான் எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

பட்டு பிறந்த ஐந்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். அம்மா, அப்பா எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் கையில் கொடுத்து, "நல்லாப் பாரு அனி, மஞ்சளா இருக்காளா?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா"ன்னீர்கள். "கண்ணுல பாரு"ன்னேன். "சுப்பு, நீ பயந்து பயந்து எல்லாரையும் பயமுறுத்தாதே"ன்னீர்கள். அம்மாவும் அதோடு விட்டுவிட்டாள். மறுநாள் பட்டு பால் குடிக்கவில்லை. எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் காமாலை அளவு இருபத்தொன்று என்றார்கள். "நேத்தே கொண்டு வரலையா?"ன்னு அந்த டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இரண்டு நாள், கண்ணைத் துணியால் கட்டி, நீல விளக்குக்குக் கீழே என் குழந்தை படுத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். தொடக் கூடாது. நம் தொட்டியிலும் அதே நீலம்தான். அதனால்தான் இந்த நாலு மாதமாகத் தொட்டியின் படம்கூட நான் கேட்கவில்லை.

நீங்கள் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. பார்ப்பது மாதிரி இருந்தீர்கள். இப்போது தொட்டியிலும் அதேதான்.

புடவை அங்கேயே இருக்கட்டும்.

சுப்ரஜா


பெருங்களத்தூர்
4 அக்டோபர், சனி

சுப்ரஜா,

நான் எண்ணினேன். ஒவ்வொரு சொட்டாக எண்ணினேன். என்ன வேண்டுமானாலும் சொல், மனசில் தோன்றிய எண்ணை எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே. தொழிற்சாலையில் நாள் பூராவும் நான் செய்கிற வேலையே எண்ணுவதுதான்.

நாளை காலையில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். நீயே பார்.

பட்டுவைப் பற்றி எழுதியதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை.

அனிருத்


பெருங்களத்தூர்
5 அக்டோபர், ஞாயிறு

அல்கலினிட்டி. மொத்தம் பத்துப் படம்.

ஒன்று முதல் நான்கு வரை பச்சை.
ஐந்து: இன்னும் பச்சைதான்.
ஆறு, ஏழு: பச்சை.
எட்டு: மாறப்போகிறது என்று நினைக்கிறேன்.
ஒன்பது: கொஞ்சம் அடர்த்தி.
பத்து: மாறிவிட்டது. ஆக, 10.

போதுமா?

அனிருத்


கூடுவாஞ்சேரி
5 அக்டோபர்

அனிருத்,

ஐந்தாவது படத்தில் தண்ணீர் ரோஸாக இருக்கிறது.

சந்தேகப்படுகிற மாதிரி இல்லை. நல்ல ரோஸ். போன் ஸ்கிரீன் கோளாறோ என்று அம்மாவைக் கேட்டேன். பார்த்ததும் "ரோஸ்மில்க்காடி?"ன்னாள்.

நீ ஏன் பச்சை என்று எழுதியிருக்கிறாய்?

சுப்ரஜா


கூடுவாஞ்சேரி
9 அக்டோபர், வியாழன்

அனிருத்,

நாலு நாளாகப் பதில் இல்லை. மெயிலில் எழுதுவது நல்லது என்று சொன்னவள் நான்தான். தப்பு. பட்டு தூங்கும்போதெல்லாம் போனைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

இந்த நாலு நாளும் வேறு ஒரு வேலையும் ஓடவில்லை. நம் மூன்று வருஷத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை சொல்லியும் காய்த் தக்காளியே வாங்கி வருவாய். நான் அதைக் கவனமில்லாத ஆம்பிளை என்று கணக்கு வைத்திருந்தேன். உன் சட்டை எல்லாம் வெள்ளை, சாம்பல், நீலம். "நீயே எடுத்துக் குடு சுப்பு, உன் ரசனைதான் நல்லாருக்கும்"னு கடையில் நகர்ந்துபோய் நின்றுகொள்வாய். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? டார்ச்சின் பச்சையையும் நுனியில் இருக்கிற ஆரஞ்சையும் வருகிறவர்கள் எல்லோரும் பேசுவார்கள். நீ ஒரு நாளும் பேசினதில்லை. "எனக்கு அது ஆடறதுதான் பிடிக்கும்" என்பாய். நிச்சயதார்த்தத்துக்கு நான் கட்டியிருந்த புடவையை நீ "பிரவுன் புடவை" என்று சொல்ல, நான் "அரக்கு"ன்னு திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நிறக்குருடு, எக்ஸ் குரோமோசோம், தாய் வழி, மகனுக்கு என்று படம் போட்டு, எம்.எஸ்ஸி.யில் பத்து மார்க் கேள்வியை நான் முழுசாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் படுத்திருந்தவனிடம் கேட்கத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று சொல். உனக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தே சொல்லவில்லையா?

சுப்ரஜா


பெருங்களத்தூர்
12 அக்டோபர், ஞாயிறு

சுப்பு,

தெரிந்தே சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயதில் ரயில்வே பரீட்சை எழுதி, ரயில் ஓட்டுகிற வேலைக்கு எல்லாம் பாஸாகி, மெடிக்கலுக்குப் போனேன். புள்ளிகளாகப் போட்டு உள்ளே எண் மறைத்த ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். முன்னால் நின்றவன் பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று கடகடவென்று சொல்லிவிட்டுப் போனான். என் முறை வந்ததும் முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அதற்கப்புறம் எல்லாப் பக்கமும் தரையில் கொட்டின கேழ்வரகு. டாக்டர் நல்ல மனுஷன். "சிக்னல் வேலை வேண்டாம்பா, வேற எது வேணா செய்யலாம்"னார். அப்பா வீட்டில் அதைப் பேசவே இல்லை. அம்மாதான், உன் ஜாதகம் வந்தபோது, "இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே, கண்ணுல குறைன்னா பயந்துடுவா"ன்னாள். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் நீ தொட்டி வைத்தாய். சாயங்காலம் விளக்கு போட்டுவிட்டு ஒவ்வொன்றாக நிறம் சொல்லுவாய். உன் முகம் அப்படி இருக்கும். நான் தலையாட்டினேன். தலையாட்டி ஆட்டி, அப்புறம் சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது.

சிவப்பு மூடி, பச்சை மூடி என்றாய். நீ கிளம்பின அன்றைக்கே இரண்டிலும் மார்க்கரால் க, சோ என்று எழுதிவைத்துவிட்டேன். தொழிற்சாலையிலும் அப்படித்தான். தேறின பாகத்துக்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்பு. நான் எழுத்தைப் படிக்கிறேன். சோதனைக் குழாயில் எழுத்து இல்லை. கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

உன் மெயில் வந்ததும் குழாயைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, வாட்ச்மேன் ஜெயவேலுவிடம் காட்டினேன். "இது என்ன கலர்?"னேன். "ரோஸ் சார்"னார். "பச்சை இல்லையே?"ன்னேன். "இன்னா சார், காலங்காத்தால கலாய்க்கிறியா? இது பச்சைன்னா நான் கலெக்டரு சார்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மெதுவாக, "இன்னொரு தபா வுடு சார், நான் பாத்து சொல்றேன்"னார். கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து சொட்டு விட்டோம். ஐந்தாவது சொட்டில் கையைப் பிடித்து நிறுத்தினார். கால்சியமும் 380தான்.

பட்டு விஷயம். அன்றைக்கு ஜன்னல் பக்கம் நான் பார்த்தேன் சுப்பு. பார்க்கவில்லை என்று சொல்லாதே. எவ்வளவு நேரம் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நிறம் எனக்குத் தெரியாது என்று உன் அம்மா, அப்பா முன்னால் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பதிலுக்கு உன்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டேன். இரண்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நீ நின்றாய். நான் பார்க்கிங்கில் நின்றேன். உள்ளே வர முடியவில்லை.

கூட்டத்தில் உன்னை நான் புடவையை வைத்துக் கண்டுபிடித்ததே இல்லை. நடையை வைத்துத்தான். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, பையை ஏற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு வருவாய். அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியும். ஏழு மாதமாக அதைப் பார்க்கவில்லை.

டார்ச் இன்னும் உயிரோடு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அனி


கூடுவாஞ்சேரி
13 அக்டோபர்

அனி,

முதலில் தொட்டி. ஐந்திலிருந்து எட்டுக்கு ஒரே நாளில் ஏற்றிவிடாதே. நேற்றுவரை பட்டினி கிடந்ததற்கு இன்றைக்கு விருந்து வைத்தால் அதுவே கொன்றுவிடும். ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் வேண்டாம். சோடா காலையில் பதினைந்து மில்லி, வலது மூலை, பம்ப் வாய்க்குப் பக்கத்தில், மெதுவாக. கால்சியம் சாயங்காலம், பத்து மில்லி, இடது மூலை. நடுவில் எட்டு மணி நேரமாவது போகட்டும். ஒன்று ஏறிவிட்டது என்று சந்தோஷத்தில் இன்னொன்றை விட்டுவிடாதே. ஒன்று மட்டும் ஏறினால் மற்றது சரியும். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஜெயவேலு அண்ணனோடு உட்கார்ந்து சோதி. அவருக்கு என் சார்பில் டீ வாங்கிக் கொடு.

அப்புறம் நீ. உன் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பட்டுவுக்கு அது வராது. அவளுக்குப் பையன் பிறந்தால் வரலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருஷம் ஒவ்வொரு சாயங்காலமும் உன்னிடம் நிறம் நிறமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. ஒரு தடவையாவது நிறுத்தியிருக்கலாம். "போதும் சுப்பு, எனக்கு அது தெரியாது"ன்னு.

கோபம் போகவில்லை. ஆனால் எதன்மேல் கோபம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுப்ரஜா


பெருங்களத்தூர்
19 அக்டோபர், ஞாயிறு

சுப்பு,

இன்றைக்கு அல்கலினிட்டி 7, கால்சியம் 400. சொட்டு நான் எண்ணினேன், கலர் ஜெயவேலு. அவர் இப்போது இதில் ரொம்பத் தீவிரமாகிவிட்டார். "ஆறாவதுலயே லேசா திரும்பிச்சு சார், ஆனா நம்பாத, ஏழுதான் கரீட்டு"ன்னு சொல்கிறார். ஷிப்ட் மாறி வருகிறவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

காலையில் டார்ச்சில் மூன்று விரல் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் ஏழு. நிறம் எப்படி என்று கேட்காதே. ஆடுகிறது.

ஜி.எஸ்.டி. ரோடு நேற்றிலிருந்து நகரவில்லை. ஊருக்குப் போகிற பஸ் எல்லாம் நம் வாசலில்தான் நிற்கிறது போலிருக்கிறது. நாளைக்கு ரயிலில் வரலாம் என்றிருக்கிறேன். உன்னை எதற்கும் கட்டாயப்படுத்த இல்லை. தீபாவளிக்குப் புடவையைக் கொடுத்துவிட்டு, அவளை ஒரு தடவை தூக்கிவிட்டுப் போய்விடுவேன். வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு.

அனி


கூடுவாஞ்சேரி
22 அக்டோபர், புதன்

அனி,

திங்கட்கிழமை நீ வந்து நாற்பது நிமிஷம் இருந்தாய். அதில் முப்பத்தைந்து நிமிஷம் அப்பா உன்னோடு பெருங்களத்தூர் மேம்பாலம் பற்றிப் பேசினார்.

பட்டுவைத் தூக்கி ஜன்னல் பக்கம் போனாய். நீ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி, எல்லோர் முன்னாலும், "எனக்குச் சில நிறம் தெரியாது மாமா. சின்ன வயசிலிருந்தே. அன்னிக்குச் சொல்லியிருக்கணும்"னு அப்பாவிடம் சொன்னாய். அப்புறம் குழந்தையை என்னிடம் நீட்டி, "எப்படி இருக்கா, நீ பார்த்துச் சொல்லு சுப்பு"ன்னாய். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்போதும் வரவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

நீ உன்னுடையதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். நான் என்னுடையதை உன்னிடம் மட்டுமாவது சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

நீ வருவதற்கு முன்னால், காலையிலேயே, அவள் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். விரல் எடுத்த இடம் மஞ்சள். மூக்கிலும் மஞ்சள். விலங்கியல் படித்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தோம். மறுபடியும் அங்கே, மறுபடியும் ஊசி, அந்தக் குட்டிக் குதிகாலில் ரத்தம். வேண்டாம் என்று இருந்தது அனி. யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அந்த வீட்டில் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான். அதனால்தான் உன் கையில் கொடுத்து உன்னைக் கேட்டேன். நீ நல்லாத்தான் இருக்கா என்றதும் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். பிரசவத்துக்கு அப்புறம் நான் தூங்கின முதல் தூக்கம் அதுதான்.

உனக்கு நிறம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது சரிதான். அதை நாலரை மாதமாக உன் தலையில் ஏற்றிவிட்டு, நான் இங்கே உட்கார்ந்து உனக்கு நீங்கள் போட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "எனக்கும் தெரிஞ்சுதுடி. புடவைக் கலர் அடிக்கறதுன்னு நினைச்சுக்கிட்டேன்"னாள். அப்புறம் மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம் முடிய எட்டு நாள்தான் இருக்கிறது. அப்பா நாள் பார்க்கிறார். முறுக்கு, அதிரசம், வெள்ளிக் கிண்ணம், கார், உங்கள் வீட்டிலிருந்து நாலு பேர், எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர். அதெல்லாம் ஒரு நாள் அவர்கள் இஷ்டப்படி நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேருக்கு நடுவில் நான் உன்னைப் பார்க்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பட்டுவைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ராகு காலமாச்சேடி"ன்னாள். அதனால்தான் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் என்றேன்.

வேலைக்கு லீவு சொல். ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு நான் இருப்பேன். சொட்டு நீயே எண்ணு. நான் நடுவில் பேசிக்கொண்டே இருப்பேன், எண்ணிக்கையை விட்டுவிடாதே. ஜெயவேலு அண்ணன் கோபித்துக்கொண்டால் அவரையும் மாடிக்குக் கூப்பிடு.

பதினொன்றே காலுக்குப் பெருங்களத்தூரில் இறங்குவேன். ஊரப்பாக்கம், வண்டலூர் தாண்டினதும் கதவுப் பக்கம் வந்து நின்றுவிடுவேன். நீ லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில் நில். நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். இப்போது இடுப்பில் ஒருத்தி இருப்பாள், ஆறரைக் கிலோ; நடை மாறிப்போயிருக்கும். அதனால் இறங்கினதும் நானே கையை ஆட்டுகிறேன்.

சுப்பு